முனைவர் பட்டத் தலைப்பு: மேற்கோளை எண்ணவா, மேசையை எண்ணவா?

கொருக்குப்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலக உதவியாளராக இருக்கிறேன். நூலக, தகவல் அறிவியலில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். தலைப்பை முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. நெறியாளருக்கும் எனக்கும்தான் ஒத்துவரவில்லை.

அவர் சொல்வது எளிது. ஏதாவது ஒரு துறையை எடுத்துக்கொள், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து பதினைந்து ஆண்டுக் கட்டுரை விவரங்களை இறக்கு, ஆண்டுவாரியாகவும் நாடுவாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அட்டவணை போடு, மென்பொருளில் வலைப்படம் வரை, காலத்தோடு முடித்துவிடலாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்ப்பவள் எதை முடிக்க முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

என் மனம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் வழங்கல் பதிவேட்டை மட்டும் பார்ப்பவர், இந்த நூலகத்துக்கு யாருமே வருவதில்லை என்று எழுதிவிட்டுப் போவார். நாளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் புத்தகம் வெளியே போகிறது. ஆனால் நண்பகலில் வந்து பாருங்கள், வாசிப்பறையில் நாற்காலி கிடைக்காது. காலை ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஷிப்ட் பிள்ளைகள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருப்பார்கள். நிதி கேட்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டைக் காட்டி, "யாரும் எடுக்காத புத்தகத்துக்கு எதற்குப் பணம்?" என்று கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இருக்கிறது, எண் இல்லை.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நூலகத்துக்குள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை ஆய்வுத் தலைப்பாக்க முடியுமா? எந்த முறையில் செய்வது?

அட்டைப்பெட்டி

அம்மா, முடியும். செய்ய வேண்டியதும் அதுதான். நான் அட்டைப் பட்டியல் காலத்திலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருள் வரை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது கணக்கு வாத்தியார். வாசகரே வராத அறையில் தனியாக உட்கார முடியாமல், மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே அவர் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் பார்த்தது கட்டடத்தை அல்ல, வாசகரை. திரும்பி வந்து, 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இரவல் கொடுப்பதற்கே என்று அவர் எழுதவில்லை. நம் ஆட்கள் பயன்பாட்டை இரவலாகச் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கத்தைக் கொண்டு நூலகத்தை அளக்கிறார்கள்.

இந்த வம்பு அமெரிக்காவிலும் நடந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் குழு ஓர் ஆய்வு செய்து 1979இல் வெளியிட்டது. 1969இல் வாங்கிய புத்தகங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்றது. பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். உள்ளேயே உட்கார்ந்து புரட்டிவிட்டு வைத்ததைச் சரியாகக் கணக்கில் எடுத்தீர்களா என்பது முக்கியமான கேள்விகளில் ஒன்று. உங்கள் நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

முறை? மேசைக் கணக்கு. "படித்த புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்க வேண்டாம், மேசையிலேயே விடுங்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். குறித்த நேரங்களில் மேசையில் கிடப்பதை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நூலகம் தந்த சேர்க்கை எண்ணைக் குறித்துவிட்டுப் பிறகு அடுக்குங்கள். ஒழுங்கான பிள்ளைகள் பலகையையும் மீறித் திருப்பி வைத்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒன்றாகத்தான் விழும். ஆகவே கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். குறைவான எண்ணே பதிவேட்டைப் பல மடங்கு தாண்டினால், வாதத்தில் நீங்கள் வென்றீர்கள்.

எண்ணும் எழுத்தும்

இங்கே நூலளவியலை, அதாவது கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணி ஆராய்வதை, மட்டம் தட்டுவது பழக்கமாகிவிட்டது. அந்தத் துறையில் இருப்பவன் என்பதால் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பிராட்ஃபோர்டு யார்? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் நூலகர். ஒரு பொருளைப் பற்றிய கட்டுரைகள் சில இதழ்களில் குவிந்தும் மற்றவை எண்ணற்ற இதழ்களில் சிதறியும் கிடப்பதை அவர் 1934இல் காட்டினார். எந்த இதழை வாங்குவது, எதை விடுவது என்ற நூலகத்தின் அன்றாடத் தலைவலியிலிருந்து பிறந்த விதி அது. லோட்கா 1926இல் எழுதியதும் வெறும் அட்டவணை அல்ல. எந்தத் துறையிலும் பெரும்பாலோர் ஒரு கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள், சிலர்தான் குவிக்கிறார்கள் என்ற ஒழுங்கை அவர் கண்டுபிடித்தார். இன்று கேள்வியே இல்லாமல் தரவை இறக்குகிறார்கள், அதுதான் கேடு. துறையின் பெயரை மட்டும் மாற்றி அதே ஏழு இயல்களை எழுதுபவரைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வருகிறது.

வாசகி, நெறியாளரைச் சமாதானப்படுத்த வேண்டுமானால் நூலளவியலிலேயே நம் ஊருக்கான கேள்வி ஒன்று இருக்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். மேற்கோள் தரவுத்தளங்கள் சில கட்டுரைகளில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன, சிலவற்றில் ஆளின் பெயரையே எடுத்துக்கொள்கின்றன. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று ஆளாகிவிடுகிறார், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் அவருடைய எச்-இன்டெக்ஸும் துண்டு துண்டாகிறது. ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்க்கிட் எண் வாங்கியவர்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்களை எடுத்து இதைச் சோதித்தால் பயனுள்ள ஆய்வாக இருக்கும்.

இன்னொன்று. ரங்கநாதன் 1948இல் ஆஸ்லிப் என்ற பிரிட்டிஷ் நூலகச் சங்கத்தின் மாநாட்டில் லைப்ராமெட்ரி என்று ஒரு துறையையே முன்மொழிந்தார். நூலகப் பணிகளையும் பயன்பாட்டையும் புள்ளியியலால் அளப்பது. நூலளவியலுக்குப் பிரிட்சார்டு பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற பெயரை வைத்தது 1969இல்தான். மேசையை எண்ணுவதும் அளவியலே என்று நெறியாளரிடம் சொல்லுங்கள். அவர் மறுக்க முடியாது.

உப்புக்காற்று

நான் உங்கள் துறைக்காரன் அல்லன். காசிமேடு. பி.காம். முடித்துவிட்டுக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். யாரோ அனுப்பிய இணைப்பு வழியாக வந்தேன்.

கல்லூரியில் இருந்தபோது நாள்தோறும் நூலகத்தில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீடு ஒரே அறை. அப்பா விசைப்படகில் போகிறவர், கரைக்கு வந்தால் பகலில் தூங்குவார். விளக்குப் போட முடியாது, வாய்விட்டுப் படிக்க முடியாது. ஆகவே நான் நூலகத்துக்குப் போனது புத்தகத்துக்காக அல்ல, மேசைக்காக, மின்விசிறிக்காக. வாசலில் பையை வைத்து டோக்கன் வாங்க வேண்டும். "சொந்தப் புத்தகங்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை வேறு. என்னிடம் இருந்த கைடின் பக்கங்களைப் பிரித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டுதான் உள்ளே போவேன். மீதியெல்லாம் கைப்பேசியில் பி.டி.எஃப்.

பெரியவர் சொல்லும் மேசைக் கணக்கில் நான் எங்கே வருவேன்? நான் மேசையில் எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

அட்டைப்பெட்டி

தம்பி, நல்ல அடி. பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் விதி

வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். உப்புக்காற்று சொன்ன பலகைக்குக் காரணம் உண்டு. எது கல்லூரிப் புத்தகம், எது சொந்தப் புத்தகம் என்று வெளியே போகும்போது சோதிக்க ஆள் இல்லை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போனதற்கு நூலகர் பதில் சொல்ல வேண்டும், சில இடங்களில் பணமும் கட்ட வேண்டும். பயந்தவர்கள் வைத்த பலகை அது. எங்கள் கல்லூரியில் அதைக் கழற்றிவிட்டோம். சொந்தப் புத்தகம் கொண்டுவருபவருக்கு நுழையும்போதே ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். வேலை கூடுதல்தான். ஆனால் வாசகி கவனிக்க வேண்டும், அந்தச் சீட்டுகளின் அடிக்கட்டைகள் இன்று எங்களிடம் ஒரு தரவு. பிள்ளைகள் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது அதில் இருக்கிறது.

நுழைவுப் பதிவேட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4.2 நூலகத்துக்கான பகுதி. நாளொன்றுக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் கேட்கிறார்கள். கேட்டவுடன் என்ன நடக்கும்? குழு வரும் ஆண்டில் பதிவேட்டில் கையெழுத்துகள் திடீரென்று பெருகும், ஒரே மையில், ஒரே சாய்வில். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

மின்னிதழ்களின் கதை இன்னும் விசித்திரம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025 ஜனவரி முதல் எங்களைப் போன்ற அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வாழ்நாளில் கனவு காணாத இதழ்களெல்லாம் கையில் இருக்கின்றன. குறை சொல்ல மாட்டேன், எங்கள் வேதியியல் ஆசிரியர்கள் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்வழியில் பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு அந்த 13,000இல் ஒன்றும் இல்லை. அவள் தேடுவது பாடத்திட்டத்தை ஒட்டிய தமிழ் நூல், அதிலும் போன பருவத்தின் வினாத்தாள். பதிப்பாளர்கள் அனுப்பும் பயன்பாட்டு அறிக்கையில் கல்லூரியின் மொத்த இறக்கம்தான் தெரியும். யார் இறக்கினார்கள், படித்தார்களா என்பது தெரியாது. பதிவேடு, நாக் எண், பதிப்பாளர் அறிக்கை, மூன்றுமே இந்தப் பெண்ணைக் காணவில்லை.

குறைகாண்பான்

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். ஒரு கேள்வி. வீட்டில் இடம் இல்லாததால் நூலகத்தில் உட்காருகிறார்கள் என்பது சமூகவியல். இதில் நூலக அறிவியல் எங்கே? வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் இதைத்தான் கேட்பார். மேசையும் மின்விசிறியும் வேண்டுமென்றால் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடலாமே, நூலகர் எதற்கு?

எண்ணும் எழுத்தும்

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. எல்ஃப்ரிடா சாட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளர்களையும், முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த பெண்களையும், சிறையில் இருந்த பெண்களையும் ஆராய்ந்தார். தகவல் பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் ஏன் அதைத் தேடவில்லை, யாரை நம்பினார்கள், எதை மறைத்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. தகவல் வறுமை பற்றிய அவருடைய கோட்பாடு இன்று நம் துறையின் பாடம். நோட்டுக்குள் கைடைச் செருகிக்கொண்டு போனதைப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். நூலகத்துக்கு உள்ளேயே நூலகரிடமிருந்து ஒளித்துப் படிக்கிறான் ஒருவன். இது நூலக அறிவியல் இல்லையென்றால் வேறு எது?

மேசைக் கணக்கின் ஓட்டையை அடைக்கவும் வழி உண்டு. லிசா கிவன், குளோரியா லெக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் டொரன்டோ, வான்கூவர் நகரங்களின் மையப் பொது நூலகங்களில் செய்து 2003இல் வெளியிட்ட முறை அது. தரைப்படத்தை அச்சிட்டுக்கொண்டு, குறித்த நேரத்தில் ஒரு சுற்று நடந்து, ஒவ்வோர் இருக்கையிலும் இருப்பவர் என்ன செய்கிறார் என்று குறிப்பது. நூலகப் புத்தகமா, சொந்தப் புத்தகமா, கைப்பேசியா, எழுதுகிறாரா, பேசுகிறாரா, தூங்குகிறாரா. பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். உப்புக்காற்று இந்தக் கணக்கில் விழுந்துவிடுவார்.

உப்புக்காற்று

தூக்கத்தையும் குறிப்பீர்களா? அப்படியானால் சில நாள் நான் வேறு பத்தியில் விழுந்திருப்பேன்.

சமுதாயக் கூடம் என்றவருக்கு. சமுதாயக் கூடத்தில் திருமணமும் காதுகுத்தும் நடக்கும். கிளை நூலகத்துக்குப் போகலாமே என்பீர்கள். சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரி எங்கள் தெருவிலும்தான் கட்டுகிறோம். கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் நாளிதழ் படிக்கும் பெரியவர்களுக்கே பெஞ்சு போதவில்லை. பெரிய நூலகங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். கன்னிமாரா எழும்பூரில். அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில். ரோஜா முத்தையா தரமணியில். உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில். திருவொற்றியூர்ப் பிள்ளை எங்கே போவான்? லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகம் இருந்ததாம், அதுவும் கன்னிமாராவுக்குப் போய்விட்டது. கொளத்தூரில் 2024இல் ‘முதல்வர் படைப்பகம்’ என்று படிப்பிடமும் பணியிடமும் சேர்ந்த ஒன்றைத் திறந்தார்கள், நன்றாக இருக்கிறது. எனக்கு அங்கே போக இரண்டு பஸ்.

கொருக்குப்பேட்டை வாசகி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. நெறியாளரிடம் லைப்ராமெட்ரியைச் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் "முன்னோட்டமாகச் செய்து காட்டு" என்றார்.

செய்து பார்த்ததில் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. நானும் அட்டெண்டரும் சேர்ந்து இருக்கைச் சுற்றுப் போனோம். மேசைகளில் அதிகம் கண்ட புத்தகம் எது தெரியுமா? பள்ளிப் பாடநூல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையான தமிழ், வரலாறு, அறிவியல். கல்லூரி மாணவர்களின் மேசையில்! குரூப் 4 தேர்வுக்கு அதுதான் அடிப்படை என்று உப்புக்காற்றுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நூலகத்தில் அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட இல்லை. கல்லூரி நூலகத்தில் பள்ளிப் புத்தகமா என்று யாரும் பரிந்துரைத்ததே இல்லை. பிள்ளைகள் தம்பி தங்கைகளிடமிருந்து வாங்கி வருகிறார்கள், அல்லது பழைய புத்தகக் கடையில்.

நூலகப் புத்தகங்களில் அதிகம் கிடந்தது தமிழ் இலக்கிய வரலாறு. அதற்கடுத்து, குறிப்புதவிப் பகுதியில் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய வினாத்தாள் தொகுதிகள். அவற்றை இரவல் தரவே மாட்டோம் என்பதால் பதிவேட்டில் ஏற வழியே இல்லை. முதுகு கிழிந்துபோயிருக்கின்றன, அவ்வளவு புரட்டல்.

மூன்றாம் விதி

ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்ற ரங்கநாதனின் மூன்றாம் விதியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர் இருக்கிறார், நூல் வாங்கவில்லை என்றால் அது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்ற இரண்டாம் விதியில் சறுக்கல். பள்ளிப் பாடநூல் ஐந்து தொகுப்பு வாங்கப் பெரிய தொகை ஆகாது. நாளையே குறிப்பு எழுதிவையுங்கள், ஆய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

அட்டைப்பெட்டி

காத்திருக்க வேண்டாம் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, அம்மா. இப்போதே வாங்கி வைத்தால் நீங்கள் அளக்க வந்ததே மாறிவிடும். முதலில் ஒரு பருவம் எண்ணுங்கள். பிறகு வாங்குங்கள். அடுத்த பருவம் மறுபடி எண்ணுங்கள். வாங்கியதும் என்ன மாறியது என்பது தனி இயலாகும்.

அலமாரியையும் பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் அடைபட்டிருக்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து நேற்றைய சிறுகதை வரை எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரே தொடக்க எண், அதன் பின்னால் பொடி எழுத்தில் நீளமாக வால். மாணவர்கள் அந்த எண்ணைக் கொண்டு தேடுகிறார்களா, நிறத்தையும் இடத்தையும் நினைவில் வைத்துத் தேடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோது பிள்ளைகள் "இரண்டாவது பீரோ, மேல்தட்டு, பச்சை அட்டை" என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாம் விதி

ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகள் பாடநூலுக்கு அலையட்டும், நமக்கு இயல் கிடைக்கட்டும் என்கிறீர்களா ஐயா? எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்னோட்டச் சுற்றையே முதல் அளவாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணும் எழுத்தும்

முன்னோட்டம் சிறியது, ஒப்பீட்டுக்கு நிற்காது. ஆனால் ஒரு பருவமும் தேவையில்லை. நான்கு வாரம் போதும். பருவத் தேர்வு வாரங்களைத் தவிர்த்து, இரண்டு ஷிப்டும் வருகிறபடி நேரங்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். குரூப் 4 தேர்வுக்கு முந்திய வாரங்களைத் தனியே குறியுங்கள், இல்லையென்றால் தேர்வுக் கூட்டத்தை அன்றாடக் கூட்டமாக எழுதிவிடுவீர்கள்.

எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம். ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் நான்சி ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளரையே வேலைக்கு வைத்து மாணவர்களை ஆராய்ந்தது, அறிக்கை 2007இல் வந்தது. மாணவர்கள் கையில் வரைபடத்தையும் கேமராவையும் கொடுத்து, ஒரு நாளில் எங்கெங்கே போனோம், எங்கே படித்தோம் என்று அவர்களையே பதியச் சொன்னார்கள். உங்கள் பிள்ளைகளிடம் கைப்பேசி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். வீட்டுக்குள் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தருகிறேன் என்று நிர்வாகம் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

குறைகாண்பான்

ஒரே கல்லூரியை வைத்து வடசென்னை என்று தலைப்பு வைக்க முடியாது. ஷிப்ட் இல்லாத கல்லூரி ஒன்று, பெண்கள் கல்லூரி ஒன்று சேருங்கள். பெண்கள் இருட்டுவதற்குள் வீடு போய்விடுவார்கள், அவர்களுடைய நேரக்கணக்கு வேறாக இருக்கும். இன்னொன்று, நீங்கள் அதே நூலகத்தில் வேலை பார்ப்பவர். நீங்கள் தரைப்படத்தோடு நடந்தால் கைப்பேசியெல்லாம் மேசைக்கு அடியில் போய்விடும். அதற்கு என்ன செய்வீர்கள்?

கொருக்குப்பேட்டை வாசகி

மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் அனுமதிக் கடிதம் எழுதிவிட்டேன். அங்கே நான் யார் என்று தெரியாது. எங்கள் கல்லூரியில் சுற்றை அட்டெண்டர் நடப்பார், நான் நடக்கமாட்டேன். அவர் எப்போதும் மேசைகளுக்கு இடையில் நடந்துகொண்டிருப்பவர், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் அவர் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்க, சில சுற்றுகளை இருவரும் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும். அந்தச் சில சுற்றுகளில் கைப்பேசிகள் ஒளியத்தான் செய்யும். அதைச் சரிசெய்ய யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். மூன்றாம் விதி அம்மா, உங்கள் சீட்டு அடிக்கட்டையின் மாதிரி ஒன்றைப் பகிர முடியுமா? படிவத்தை அதைப் பார்த்தே அமைக்கிறேன்.

மூன்றாம் விதி

நாளை ஏற்றுகிறேன். மாணவர் பெயர் இருக்கும் பகுதியை மறைத்துவிட்டுத்தான்.